மூன்றாவது நகல்

போதைத்தன்மை உள்ள மருந்தை எந்த மருத்துவர் யாருக்கு எழுதிக் கொடுத்தார், எந்தக் கடை எவ்வளவு விற்றது என்ற கணக்கை அரசே வைத்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் நூறாண்டுக்கும் மேல் பழையது. நியூயார்க் மாநிலம் 1918-இல் இதைத் தொடங்கியது. கொக்கைன், ஹெராயின், மார்ஃபின், கோடீன், அபின் ஆகியவற்றுக்கு வரிசை எண் இட்ட அரசுச் சீட்டில்தான் எழுத வேண்டும்; அதன் நகல் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் போய்ச் சேர வேண்டும். சட்டம் மூன்றே ஆண்டில் ரத்தானது. 1939-இல் கலிஃபோர்னியா தொடங்கிய திட்டம்தான் நிலைத்தது. கார்பன் வைத்து மூன்று படியாக எழுதும் சீட்டு அது. ஒரு படி மருத்துவருக்கு, ஒன்று மருந்துக் கடைக்கு, மூன்றாவது மாநிலத்தின் போதைப்பொருள் தடுப்புப் பிரிவுக்கு. மூன்றாவது படி மருத்துவத் துறைக்குப் போகாமல் போலீஸ் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குப் போனதிலேயே திட்டத்தின் நோக்கம் தெரிந்துவிடுகிறது. ஹவாய், இல்லினாய், ஐடஹோ என்று ஒவ்வொரு மாநிலமாகப் பின்தொடர்ந்தன.

நியூயார்க் 1972-இல் கலிஃபோர்னியா, இல்லினாய் அதிகாரிகளைக் கலந்து புதுச் சட்டம் இயற்றியபோது கணினியும் உள்ளே வந்தது. நோயாளியின் பெயர், முகவரி, வயது, மருந்தின் அளவு எல்லாம் கொண்ட சீட்டுகள் மாதம் சுமார் ஒரு லட்சம் என்ற கணக்கில் ஆல்பனியில் உள்ள சுகாதாரத் துறைக்கு வந்து குவிந்தன. அவற்றைப் பிரிக்கும் அறையைச் சுற்றிப் பூட்டிய கம்பி வேலி, அபாய மணி. கணினி நாடாக்களுக்குப் பூட்டிய பீரோ. சீட்டுகளை ஐந்தாண்டு வைத்திருந்து அழிக்க வேண்டியிருந்தது. விவரத்தை வெளியே விடுபவருக்கு ஓராண்டு வரை சிறையும் 2,000 டாலர் வரை அபராதமும் உண்டு என்றது சட்டம்.

இவ்வளவு காவல் இருந்தும் நோயாளிகள் நம்பவில்லை. சட்டம் நடைமுறைக்கு வருவதற்குச் சில நாள் முன்பே நோயாளிகளும் மருத்துவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் போதைப் பழக்கக்காரர் என்ற முத்திரை விழுந்துவிடுமோ என்று இரண்டு பெற்றோர் சாட்சி சொன்னார்கள். சாட்சி சொன்ன நோயாளி ஒருவர் பட்டியலில் பெயர் ஏறாமலிருக்க வேறு மாநிலத்துக்குப் போய் மருந்து வாங்கத் தொடங்கியிருந்தார். உச்ச நீதிமன்றம் 1977-இல், வேலன் எதிர் ரோ வழக்கில், சட்டம் செல்லும் என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அரசுக் கணினிகளில் தனிமனித விவரங்கள் குவிவதில் உள்ள ஆபத்தை தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் அதிலேயே ஒப்புக்கொண்டார். ஆனால் அதே தீர்ப்பில் உள்ள இன்னொரு தகவல்தான் கவனிக்கத்தக்கது: சட்டம் அமலான முதல் 20 மாதங்களில், மருந்தை அளவுமீறி வாங்கியதாகச் சந்தேகிக்கப்பட்ட நோயாளிகள் குறித்து இந்தக் கணினி விவரம் பயன்பட்டது இரண்டே விசாரணைகளில். சேர்த்த அளவுக்கும் பயன்பட்ட அளவுக்கும் இடையே இருந்த இந்த இடைவெளி பிறகும் பல காலம் நீடித்தது.

காகிதத்தை முதலில் கைவிட்டது ஓக்லஹோமா. 1991 முதல் அங்கே மருந்துக் கடைகள் விவரத்தை மின்னணு முறையில் அனுப்பின. மற்ற மாநிலங்களும் அந்த வழிக்கு மாறின. மும்மடிச் சீட்டு ஒழிந்ததில் மருத்துவர்களுக்கு நிம்மதி. ஆனால் அந்தச் சீட்டு அறியாமலே ஒரு வேலை செய்திருந்தது. ஆக்ஸிகாண்டின் என்ற அபின்வகை வலிநிவாரணி மாத்திரை 1996-இல் சந்தைக்கு வந்தபோது கலிஃபோர்னியா, ஐடஹோ, இல்லினாய், நியூயார்க், டெக்சாஸ் ஆகிய ஐந்து மாநிலங்களில் மும்மடிச் சீட்டு நடப்பில் இருந்தது. அந்தச் சீட்டில் எழுதுவதே தலைவலி, அரசின் கண் வேறு படும் என்று மருத்துவர்கள் ஒதுங்குவதை, மாத்திரையைத் தயாரித்த பர்டியூ நிறுவனம் தன் சந்தை ஆய்விலேயே கண்டுகொண்டது. அங்கே விற்பனை முயற்சியும் மந்தமாகவே இருந்தது. பொருளாதார ஆய்வாளர்கள் பின்னாளில் கணக்கிட்டபோது, அந்த ஐந்து மாநிலங்களில் அந்த மாத்திரையின் புழக்கமும், அதையொட்டி உயர்ந்த மிகைமருந்துச் சாவுகளும் பிற மாநிலங்களைவிடக் குறைவாக இருந்தது தெரிந்தது. மூன்றாவது நகலை அரசில் யாரும் புரட்டிப் பார்த்தார்களோ இல்லையோ, எழுதும் கை தயங்கியது.

ஒன்றிய அரசு இந்தத் திட்டத்தைத் தானே நடத்தியதில்லை. பணம் கொடுக்கும், கேள்வி கேட்கும், அவ்வளவுதான். கென்டக்கியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஹால் ராஜர்ஸ் பெயரிலான நிதியுதவி 2002-இல் தொடங்கியது. அதே ஆண்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான பொதுக் கணக்கு அலுவலகம் கென்டக்கி, நெவாடா, யூட்டா திட்டங்களை ஆராய்ந்து அறிக்கை தந்தது. அப்போது 15 மாநிலங்களில்தான் திட்டம் இருந்தது. ஒரே மருந்துக்குப் பல மருத்துவர்களிடம் சீட்டு வாங்குபவரைப் பற்றிய விசாரணை கென்டக்கியில் சராசரி 156 நாளிலிருந்து 16 நாளாகக் குறைந்ததாக அறிக்கை சொன்னது. ஒரு மாநிலம் பிடியை இறுக்கினால் ஆட்கள் பட்டியல் இல்லாத பக்கத்து மாநிலத்துக்கு நகர்கிறார்கள் என்பதையும் அது பதிவுசெய்தது. நியூயார்க் நோயாளி அச்சத்தால் செய்ததைக் கென்டக்கியில் மாத்திரைக் கடத்தல்காரர் தொழிலாகச் செய்தார். மாநிலங்கள் விவரம் பரிமாறிக்கொள்ள உதவும் நாஸ்பர் சட்டம் 2005-இல் வந்தது. ஆனால் 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே அதற்குப் பணம் ஒதுக்கினார்கள். இப்படி மாநிலங்களிடம் விவரம் கேட்பதற்கும் ஒன்றிய அரசுத் துறைகளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. காகிதப்பணிக் குறைப்புச் சட்டப்படி, பத்துப் பேரிடமோ அதற்கு மேலோ ஒரே கேள்வித்தாளைக் கொடுக்கும் துறை முன்னதாக அரசிதழில் அறிவித்து, மக்கள் கருத்துக் கேட்டு, வெள்ளை மாளிகையின் நிதிநிலை அலுவலகத்திடம் ஒப்புதல் பெற வேண்டும். நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் மாநிலம் அவர் மருந்து விவரத்தை எடுக்கும்போது, அந்தத் திட்டத்தைப் பற்றி விசாரிக்க ஒன்றிய அரசு இவ்வளவு படி ஏற வேண்டியிருப்பது ஒரு வேடிக்கை.

பூட்டிய பீரோவின் காலம் முடிந்துவிட்டதை 2009 ஏப்ரலில் வர்ஜினியா கண்டது. அம்மாநிலத் திட்டத்தின் இணையதளத்தில் புகுந்த ஒருவர், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகள் தன் கையில் இருப்பதாகச் சொல்லி ஒரு கோடி டாலர் கேட்டார். ஓரிகனில் சச்சரவு வேறு வகை. ஒன்றிய போதைப்பொருள் தடுப்புத் துறை விவரம் பெற நீதிமன்ற உத்தரவு தேவை என்றது மாநிலச் சட்டம்; தேவையில்லை என்றது துறை. நோயாளிகளின் பக்கம் நின்று 2014-இல் மாவட்ட நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை, 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் புரட்டிப்போட்டது.

பட்டியல் மருத்துவரின் மேசைக்கு வந்தது மிகத் தாமதமாகத்தான். எழுதுவதற்கு முன் அதைப் பார்த்தாக வேண்டும் என்று கென்டக்கி 2012-இலும், நியூயார்க் 2013-இலும் கட்டாயமாக்கின. தனியுரிமையைக் காரணம் காட்டி நெடுநாள் மறுத்துவந்த மிசௌரியில், செயின்ட் லூயி கவுண்டி 2017-இல் தானாகவே ஒரு திட்டத்தைத் தொடங்கி அக்கம்பக்கத்துக் கவுண்டிகளையும் சேர்த்துக்கொண்டது. 2021 ஜூனில் ஆளுநர் கையெழுத்திட்டதும், இதற்கெனச் சட்டம் இயற்றிய கடைசி மாநிலமாக மிசௌரி ஆனது.