கணினியின் உட்குரல்

வெள்ளவத்தையிலே காலி வீதியோரத்து வங்கியாயினும் சரி, கொட்டாஞ்சேனையிலே ஒரு சிறிய மருந்துக் கடையாயினும் சரி, கணினி நுழையாத இடத்தைக் காண்பது இந்நாளில் அரிது. கணக்கெழுதுவதும், பற்றுச்சீட்டு அச்சிடுவதும், கடிதம் அனுப்புவதும் அதன் அன்றாட அலுவல்கள். பிறர் செய்தியையெல்லாம் இவ்வாறு சுமந்து செல்லும் அக்கருவிக்கே ஓர் இடர் நேருமாயின், அதனை நமக்கு எடுத்துரைப்பது யார்? எவ்வாறு எடுத்துரைப்பது? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடைகாண அறிஞர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் உழைத்திருக்கின்றனர். அந்த உழைப்பின் வரலாற்றையே இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

கணினியை இயக்கும் மென்பொருள்களுள் எல்லாவற்றுக்கும் அடியில் அமைந்திருப்பது கர்னல் எனப்படும். கொட்டையினுள்ளே பருப்பு இருப்பதுபோல உள்ளே இருப்பதனால் அதற்கு அப்பெயர் வந்தது. நினைவகத்தைப் பங்கிடுதல், தட்டிலே எழுதுதல், விசைப்பலகையையும் திரையையும் ஆளுதல் ஆகியன அதன் பொறுப்பு. மேலே இயங்கும் சாதாரண நிரல் ஒன்று திரையில் ஒரு வரி எழுத விரும்பினால், கர்னலிடம் விண்ணப்பித்து அதன் உதவியைப் பெறுகின்றது. ஆனால் கர்னலே ஒரு வரி எழுத விரும்பினால் யாரிடம் விண்ணப்பிப்பது? ஊரார் கடிதங்களையெல்லாம் கொண்டு சேர்க்கும் தபால்காரர், தம் வீட்டுத் துயரச் செய்தியை யாரிடம் கொடுத்தனுப்புவார்? தாமே நடந்து சென்று சொல்ல வேண்டியதுதான். கர்னலின் நிலையும் அத்தகையதே.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் ரிட்சி என்னும் இருவர் உருவாக்கிய யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமையின் ஆறாம் பதிப்பு 1975ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் கர்னலுக்குள்ளே, செய்தி அச்சிடுவதற்கென்றே ‘பிரிண்ட்எஃப்’ என்னும் சிறு பகுதியொன்று வைக்கப்பட்டிருந்தது. அது வேலை செய்யும் முறை, அச்சிட்ட படிவத்தை நிரப்புவது போன்றது. காசுக்கட்டளைப் படிவத்திலே சொற்கள் முன்னரே அச்சாகியிருக்கும். பெயருக்கும் தொகைக்கும் மட்டும் இடம் வெறுமையாய் விடப்பட்டிருக்கும். அதுபோலவே, ‘இன்ன கருவியில், இன்ன இடத்தில் பிழை’ என்ற வாக்கியம் ஆயத்தமாக இருக்கும். கருவியின் பெயரும் இடத்தின் எண்ணும் வேண்டிய வேளையில் அதில் இட்டு நிரப்பப்படும். சாதாரண நிரல்கள் பயன்படுத்தும் பிரிண்ட்எஃப் பலவகை வடிவங்களை அறியும். கர்னலுக்குள் இருந்ததோ சொற்களையும் சிலவகை முழு எண்களையும் மாத்திரமே அறிந்திருந்தது. இடர்வேளையில் உரைக்க வேண்டியதற்கு அவ்வளவே போதும் என்பது அதனை எழுதியோர் கருத்து.

அக்காலத்துச் செய்திகள் பெரும்பாலும் டெலிடைப் என்னும் தட்டச்சுப் பொறியிலேதான் வெளிவந்தன. பெயர்பெற்ற 33ஆம் இலக்க டெலிடைப் வினாடிக்கு 10 எழுத்துகளையே அடிக்க வல்லது. 60 எழுத்துள்ள ஒரு வரிக்கு 6 வினாடி செல்லும். கர்னலின் பிரிண்ட்எஃப், ஓர் எழுத்தை அனுப்பிவிட்டுப் பொறி மறுபடி ஆயத்தமாகும்வரை வேறொன்றும் செய்யாது காத்து நிற்கும். அந்த 6 வினாடியும் கணினியின் ஏனைய அலுவல்கள் யாவும் ஏறத்தாழ நின்றுபோயின. ஆதலால், வீண் அரட்டைக்கு இதனைப் பயன்படுத்தலாகாது என்று நிரலை எழுதியோர் அதன் தலைப்பிலேயே எச்சரித்து வைத்தனர். இயந்திரத்தின் முகப்பிலுள்ள ஆளிகள் யாவற்றையும் கீழே தள்ளிவிட்டால் இக்குரல் முற்றாக அடங்கிவிடும் என்பதும் ஓர் ஏற்பாடு.

இந்த நுட்பங்களை உலகறியச் செய்தவர் சிட்னியிலே நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியராயிருந்த ஜோன் லயன்ஸ். அவர் 1976, 1977ஆம் ஆண்டுகளில், பத்தாயிரம் வரிக்கும் குறைந்த அந்தக் கர்னல் முழுவதையும் அச்சிட்டு, அதற்கு வரிவரியாக விளக்கவுரையும் எழுதி மாணவர்க்கு அளித்தார். பின்னர் யுனிக்ஸின் உரிமையாளர் அதனை வகுப்பில் பயன்படுத்தத் தடை விதிக்கவே, உலகெங்குமுள்ள மாணவர்கள் படியிலிருந்து படி எடுத்துக் கைக்குக் கை மாற்றிப் படித்தார்கள். 1996ஆம் ஆண்டிலேதான் அது முறையாக நூலுருப் பெற்றது.

இதனிடையே, 1991ஆம் ஆண்டில், ஹெல்சிங்கி நகரத்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கர்னலை வெளியிட்டார். அதன் முதற் பதிப்பிலேயே கர்னலுக்குரிய அச்சிடும் பகுதி ‘பிரிண்ட்கே’ என்ற பெயருடன் இடம்பெற்றது. கர்னலின் முதலெழுத்தே அப்பெயரின் இறுதியெழுத்தாயிற்று. காலப்போக்கில் இதற்கு இரண்டு சிறப்புகள் வாய்த்தன. செய்திகள் யாவும் 0 முதல் 7 வரை எட்டுத் தரங்களாக வகுக்கப்பட்டன: 0 என்பது இயந்திரமே வீழும் பேரிடர், 7 என்பது பழுது தேடுவோர்க்கான சிறு குறிப்பு. எத்தரம் வரை திரைக்கு வரலாம் என்பதனைக் கணினியை மேற்பார்ப்பவரே தீர்மானிக்கலாம். இரண்டாவது சிறப்பு, செய்தி எதுவாயினும் முதலில் நினைவகத்திலுள்ள வட்டமான ஒரு குறிப்பேட்டில் பதிவாதல். ஏடு நிரம்பியதும் பழைய குறிப்பின்மீது புதியது எழுதப்படும். ஆகவே அண்மைக்காலச் செய்தி எப்பொழுதும் கைவசம் இருக்கும்.

ஆயினும் பழைய குறை முற்றாக நீங்கவில்லை. குறிப்பேட்டில் எழுதுவது நொடிப்பொழுதில் முடியும். அதனை வெளியே அனுப்புவதுதான் மெல்ல நடக்கும். அதிவிரைவானது எனக் கருதப்படும் தொடர்கம்பி வழியிலேகூட 80 எழுத்துள்ள ஒரு வரி செல்ல ஆயிரத்தில் ஏழு பங்கு வினாடி ஆகும். நமக்கு அது கண்ணிமைப்பதிலும் குறைவு. கணினிக்கோ பல இலட்சம் கட்டளைகளை நிறைவேற்றும் காலம். வெள்ளவத்தைக் கடையொன்றின் வாசலில் ஒரு லொறி நின்று சரக்கிறக்கினால், அதன் பின்னே காலி வீதி முழுவதும் வாகனங்கள் தேங்கி நிற்பதை நேயர்கள் அறிவீர்கள். அவ்வாறே, செய்தி வெளியேறும் வாயிலுக்கு ஒரே ஒரு பூட்டு இருந்தமையால், அதனைக் கைக்கொண்ட செயலி பிறர் எழுதிய செய்திகளையும் சேர்த்துச் சுமக்க நேர்ந்தது. செய்தி பெருகப் பெருக அச்செயலி மீளவில்லை. அது செயலற்றுப்போயிற்று என்று காவல் நிரல் எச்சரிக்கை விடுக்கும். அந்த எச்சரிக்கையும் ஒரு செய்தியாய்ச் சேர்ந்து சுமையை மேலும் கூட்டும். 2018ஆம் ஆண்டில் ஸ்டீவன் ரொஸ்டெட் என்பார், சுமப்பவர் களைக்குமுன் அடுத்தவரிடம் கைமாற்றும் முறையைச் சேர்த்து இத்துன்பத்தை ஓரளவு தணித்தார்.

இஃது அறிஞர்தம் நுண்ணிய விவாதம் மாத்திரமோ என ஐயுறுவோர், 2004ஆம் ஆண்டு மார்கழியை நினைந்து பார்க்க வேண்டும். அம்மாதம் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளைத் தாக்கியபொழுது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்வதற்கென ‘சஹானா’ என்னும் மென்பொருளைக் கொழும்பிலுள்ள தொண்டர்கள் சில வாரங்களுக்குள் எழுதினர். லங்கா மென்பொருள் நிறுவகம் அதற்குத் துணைநின்றது. லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களின்மீதே அப்பணி எழுந்தது. இத்தகைய பதிவேடு ஒன்றைத் தாங்கும் கணினி நள்ளிரவில் தடுமாறினால், அதனைப் பார்த்திருப்பவர் கையில் எஞ்சும் முதற் சான்று கர்னல் கடைசியாக எழுதிய சில வரிகளே. அவை வெளிவராது உள்ளே அமிழ்ந்துபோனால் பழுதின் காரணத்தைக் கண்டறிவது மிக அரிதாகிவிடும்.

அதே 2004ஆம் ஆண்டில், லினக்ஸ் எந்த வேலைக்கும் குறித்த நேரத்துக்குள் பதிலளிக்குமாறு செய்யும் முயற்சியை இங்கோ மொல்நார் முதலியோர் தீவிரப்படுத்தினர். தொழிற்சாலை இயந்திரக் கைக்கும் ஒலிப்பதிவுக் கருவிக்கும் சிறு தாமதமும் கேடாகும். அந்தப் பெரும்பணி, பிரதான லினக்ஸுடன் முற்றாக இணைவதற்கு 20 ஆண்டுகள் எடுத்தது. இறுதிவரை வழிமறித்து நின்ற தடைகளுள் முதன்மையானது எதுவெனின், இந்த அச்சிடும் பகுதியேயாகும். உடனே சொல்லவும் வேண்டும். சொல்வதனால் எவரையும் நிறுத்தவும் கூடாது. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளையும் இணைப்பதே சிக்கல்.

அதனை அவிழ்த்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஜோன் ஓக்னெஸ். 2020ஆம் ஆண்டில் அவரது முயற்சியால், பூட்டே இல்லாமல் பலரும் ஒருங்கே எழுதக்கூடிய புதிய வட்டக் குறிப்பேடு சேர்க்கப்பட்டது. அடுத்து, திரைக்கோ கம்பிக்கோ செய்தியைக் கொண்டு செல்லும் பணி தனியான ஏவலாளிடம் ஒப்படைக்கப்பட்டது. சாதாரண வேளையில் அவர் தம் முறை வரும்பொழுது நிதானமாக அனுப்புவார். பேரிடர் நேர்ந்தாலோ, இடருற்ற செயலியே வாயிலைத் தன்வசமாக்கித் தன் செய்தியை நேரே வெளியிடலாம். நோயாளர் வண்டிக்கு ஏனைய வாகனங்கள் ஒதுங்கி வழிவிடுதல் போன்றது இது. 2024ஆம் ஆண்டு புரட்டாதியில் தோமஸ் கிளைக்ஸ்னர் வழிநடத்திய நிகழ்நேரப் பணி லினக்ஸிலே சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு கார்த்திகையில் வெளிவந்த 6.12ஆம் பதிப்பு அதனைத் தாங்கி வந்தது.

இனி, நம் மொழியைப் பற்றிய வினா ஒன்று எஞ்சுகின்றது. இவ்வுட்குரல் ஏன் இன்னும் ஆங்கிலத்திலேயே பேசுகின்றது? தமிழெழுத்து 1991ஆம் ஆண்டிலேயே யூனிகோட் அட்டவணையில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் ‘கொழும்பு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதலெழுத்தாகிய ‘கொ’வை எழுத, ஒகரக் குறியைப் பிளந்து ககரத்தின் இருபுறமும் வைக்க வேண்டும். கொட்டாஞ்சேனைக்கும் அவ்வாறே. இந்த வேலையைச் செய்யும் எழுத்துருப் பொறி கர்னலுக்கு வெளியே, பல மென்பொருள்களின் துணையோடு இயங்குகின்றது. கர்னலின் எளிய எழுத்துத் திரையோ 256 அல்லது 512 உருவங்களை மாத்திரம் கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க மட்டுமே அறியும். எழுத்துருப் பொறியும் சேர்ந்து வீழ்ந்துவிட்ட வேளையிலும் பேச வேண்டியது கர்னல். ஆகையால் அப்பொறியை அது நம்பியிருத்தல் இயலாது.

இதனைக் கேட்டு நாம் மனம் சோர வேண்டியதில்லை. நிலையான படிவத்தில் வெளிவரும் செய்தியை, கணினி நலமாயிருக்கும் வேளையில், வேறொரு நிரல் படித்துத் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கிக் கூறலாம். நம்மூர் மாணவர் இயற்றத்தக்க பணி அது. படிவம் ஒழுங்காய் இருந்தால்தான் மொழிபெயர்ப்பும் ஒழுங்காய் அமையும். ஆகவே கர்னலில் ஒரு வரி எழுதுவோர், அதனை எங்கோ ஓர் ஊரில், நள்ளிரவில், கலங்கிய மனத்துடன் ஒருவர் படிப்பார் என்பதை நினைந்து எழுதுதல் வேண்டும். எக்கருவி, எவ்விடம், எவ்வெண் என்னும் மூன்றும் தெளிவாக இருக்குமாயின், அவர் அடுத்துச் செய்ய வேண்டியது இன்னதென அவ்வரியே காட்டிவிடும்.