வாள் வாழ்வது வடிப்பவர் கையில்தான்!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! உருவிய வாளை இன்னும் உறையில் போடாமல் உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் திரண்டு வந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

'வாட்கலை வாழ்வது வீசுபவர் கையிலா, வடிப்பவர் கையிலா?' இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் என்ன கேட்டார்? "வாள் தானாகவா சுழலும்? கை வேண்டாமா?" என்றார். ஐயா, வாள் என்ன, வயல்ல தானாகவா முளைக்குது? (கைதட்டல்)

அடுத்து வந்த அம்மையார் பவானி தேவியைச் சொன்னார். நம்ம சென்னைப் பெண். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் களம் இறங்கிய முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை. முதல் ஆட்டத்தில் துனிசியா நாட்டுப் பெண்ணை 15-3 என்று வென்றார். பெருமைதான், யார் மறுத்தது? "அந்தப் பெண் ஆரம்பத்தில் மூங்கில் குச்சியில் பழகியவர், ஆகவே கைதான் முக்கியம்" என்று அம்மையார் முடித்தார். அம்மா, ஏன் குச்சியில் பழகினார்? போட்டி வாளுக்கு விலை அதிகம், எளிதில் கிடைக்காது. வடிக்க ஆள் இல்லாத ஊரில் வீசுகிறவர் குச்சியைத்தானே எடுக்கணும்? நீங்க உங்க கட்சிக்குச் சாட்சி கூட்டிட்டு வந்தீங்க; அது எங்க கட்சிக்குச் சாட்சி சொல்லிட்டுப் போயிடுச்சு! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, இந்த வழக்கு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இது தொண்டை மண்டலம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமான் என்ன செய்தான்? விருந்து வைப்பதற்கு முன்னால் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். வீட்டுக்கு வந்தவங்களுக்கு ஷோகேஸைக் காட்டுற பழக்கம் அப்பவே இருந்திருக்கு! (சிரிப்பு) ஔவை பார்த்தார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு இது. 'உன் படைக்கலங்கள் மயிற்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசி, காவலோடு அழகாக இருக்கின்றன. எங்கள் அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லனுடைய சின்னக் குடிசையில் கிடக்கின்றன' என்று பொருள்படச் சொன்னார். புகழ்வது போலப் பழித்துவிட்டார். உழைக்கிற ஆயுதத்துக்கு முகவரி எது? அரண்மனை இல்லை ஐயா, கொல்லன் பட்டறை.

பொன்முடியாரின் பாட்டு ஒன்று எல்லோருக்கும் தெரியும். பெறுவது தாயின் கடன், சான்றோன் ஆக்குவது தந்தையின் கடன் என்று வரிசையாக ஐந்து கடன் சொல்வார். களத்தில் யானையைக் கொன்று திரும்புகிற காளையை மட்டும் எதிரணியினர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அவன் வருவது ஐந்தாவதாக. அரசன் நான்காவது. மூன்றாவதாக, அரசனுக்கும் முன்னால் நிற்பவன் யார்? வேல் வடித்துத் தருகிற கொல்லன்! (பலத்த கைதட்டல்)

சரி, வாளை மட்டும் பேசினால் போதுமா? வாள் என்று ஒன்று வந்தால் கவசம் என்று ஒன்று வரணும். பழந்தமிழில் அதற்கு 'மெய்ம்மறை' என்று பெயர். மெய்யை மறைப்பது. பதிற்றுப்பத்தில் சேர மன்னனையே அவன் வீரர்களுக்கு மெய்ம்மறை என்று பாடுகிறார்கள். இங்கிருந்து அரக்கோணம் பக்கம் போனால் தக்கோலம். 949-இல் அங்கே சோழ இளவரசன் இராசாதித்தனும் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் மோதினார்கள். யானை மேல் இருந்த இராசாதித்தன் நெஞ்சில் அம்பு பாய்ந்து இறந்தான் என்கிறது ஆனைமங்கலச் செப்பேடு. 'யானைமேல் துஞ்சினவர்' என்று வரலாறு அவனை மரியாதையாகச் சொல்கிறது. வீரத்துக்கு அவனிடம் குறைவா? ஒரு நெஞ்சு, ஓர் அம்பு. நடுவில் ஒரு தகடு நின்றிருந்தால் சோழர் வரலாறே வேறு.

இப்போது வெளிநாட்டுக்கு வருகிறேன். ஐரோப்பாவில் பழைய கவசச் சண்டை மறுபடியும் வந்திருக்கிறது. 2010-இல் உக்ரைனில் கோத்தின் கோட்டையில் 'நாடுகளின் போர்' என்று பெரிய போட்டியே தொடங்கினார்கள். சினிமாச் சண்டை இல்லை, நிஜ அடி. வாள் உண்டு, கோடரி உண்டு. முனை மழுக்கியிருக்கும், குத்தக் கூடாது. கீழே விழுந்தவன் அவுட். அணி அணியாக மோதுகிறார்கள். ஒவ்வொருத்தன் மேலும் இருபத்தைந்து, முப்பது கிலோ இரும்பு! நமக்குக் கல்யாணத்துக்குக் கோட்டுப் போட்டாலே மூச்சு முட்டுது. (சிரிப்பு)

அந்த முப்பது கிலோவைச் செய்வது எப்படி? தலைக்கவசம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையான தகட்டைக் குழி வெட்டிய மரக்கட்டையில் வைத்துச் சுத்தியலால் அடித்துக் கிண்ணமாக்கணும். இதில்தான் சூட்சுமம். குழியில் வைத்து அடிக்க அடிக்க உச்சி மெலியும். அடி விழுகிற இடமே உச்சிதானே? அங்கே மெலிந்தால் ஆள் காலி. ஆகவே தெரிந்த கொல்லன் தகட்டை இரும்பு முளையின் மேல் வைத்து வெளிப்புறமாக அடித்து, ஓரத்திலிருந்து உலோகத்தை உள்ளே தள்ளித் தள்ளி எழுப்புவான். உச்சியின் கனம் அப்படியே நிற்கும். பிறகு முழங்கை, முழங்கால். அங்கே ஒரே தகடு போட்டால் மடக்க முடியாது. மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ரிவெட் அடிக்கணும். அந்த ரிவெட் கொஞ்சம் நகரவும் வேண்டும், கழன்று விழவும் கூடாது. கையுறையில் விரலுக்கு விரல் தகடு. உள்ளே பஞ்சு தைத்த தடித்த சட்டை. வளையக் கவசம் என்றால் 20,000-க்கு மேற்பட்ட வளையங்களை ஒவ்வொன்றாகக் கோத்து முனையை அறைந்து மூடணும். தையற்காரர் அளவு தப்பினால் சட்டை பிடிக்கும். கவசக்காரர் அளவு தப்பினால் எலும்பு முறியும்.

"அதெல்லாம் அந்தக் காலத்துச் சங்கதி, இப்ப என்ன ஆபத்து?" என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுக்கிறார். கேட்டது, கேட்டது. 1982, ரோம் நகரம், உலக வாள்வீச்சுப் போட்டி. விளாதிமிர் ஸ்மிர்னோவ், அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். எதிராளியின் வாள் முறிந்தது. முறிந்த முனை அவருடைய முகமூடி வலையைத் துளைத்துக் கண் வழியாக உள்ளே போனது. சில நாளில் இறந்துபோனார். உலகத்திலேயே சிறந்த கை அவருடைய கை. அந்தக் கை அவரைக் காப்பாற்றவில்லையே! அதற்குப் பிறகு என்ன செய்தார்கள்? வீரர்களுக்கு இன்னொரு பயிற்சியா கொடுத்தார்கள்? வாள் எஃகை மாற்றினார்கள், முகமூடியை வலுவாக்கினார்கள், உடுப்பை மாற்றினார்கள். இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பயமில்லாமல் வாள் பிடிக்கிறது என்றால், அது முகம் தெரியாத பட்டறைக்காரர்கள் போட்ட பிச்சை. (கைதட்டல்)

நம்ம கதைக்கு வருவோம். நம்மிடம் இந்தக் கை எப்போது போயிற்று? கொஞ்சம் வயிறு எரிகிற கதை. இந்த மாவட்டத்திலேயே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அங்கே வெடிமருந்து செய்து கப்பல் ஏற்றினார்கள். துப்பாக்கிக்கு முன்னால் கவசம் தளர்ந்தது. அது உலகம் முழுக்க நடந்தது. ஆனால் நமக்கு வேறொன்றும் நடந்தது. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு 1801 டிசம்பரில் கம்பெனி ஆட்சி ஆயுதம் வைத்திருக்கத் தடை அறிவித்தது. 1855-இல் தஞ்சை மன்னர் ஆண் வாரிசின்றி இறந்தார்; அரண்மனை கைமாறியது. அங்கே தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த வாள், ஈட்டி, கவசங்களை என்ன செய்தார்கள் தெரியுமா? 1860-களில் கொஞ்சத்தைப் பொறுக்கி எடுத்துச் சென்னை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள்! 1878-இல் ஆயுதச் சட்டம். வாங்க ஆள் இல்லாதபோது வடிக்கிறவன் என்ன செய்வான்? அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் போனான்.

அதோடு உருக்கும் போயிற்று. மூசைக்குள் இரும்பையும் மரச்சுள்ளியையும் இலையையும் போட்டு மண்ணால் அடைத்து உலையில் வைத்து எடுத்த எஃகு அது. 'ஊட்ஸ்' என்று வெள்ளைக்காரன் வியந்தது அதைத்தான். 1819-இல் மைக்கேல் ஃபாரடேயே அதை ஆராய்ந்து எழுதினார். அந்த எஃகில் வடித்த டமாஸ்கஸ் வாளின் நீரோட்ட வரியை மறுபடி கொண்டுவர அமெரிக்காவில் வெர்ஹோவன் என்ற உலோகவியல் பேராசிரியர் பல ஆண்டு முயன்றார். பேராசிரியர் தனியாக முடித்தாரா? இல்லை. நானும் ஒரு பேராசிரியர், எங்களால் என்ன முடியும் என்று எனக்குத் தெரியும்! (சிரிப்பு) ஆல்ஃபிரட் பென்ட்ரே என்று ஒருவர், குதிரைக்கு லாடம் அடிக்கிறவர், கத்தி செய்கிறவர். இருவரும் சேர்ந்துதான் 1990-களில் அந்த வரியைக் கொண்டுவந்தார்கள். இம்மியளவு வனேடியம் இருந்தால்தான் அது வருகிறது என்று கண்டார்கள். கட்டுரையில் இருவர் பெயரும் இருக்கிறது. லாடக்காரர் பெயரைப் பேராசிரியர் பெயரோடு அச்சடித்தார்கள் பாருங்கள், அங்கேதான் நான் கும்பிடுகிறேன்.

மாலையில் சிப்காட் வழியாக வந்தேன். லாரி லாரியாகப் பழைய இரும்பு போகிறது, உருக்கி வீடு கட்டுகிற கம்பி வார்க்க. தஞ்சாவூர் வாள் போன வழி எனக்கு ஞாபகம் வந்தது. உலை இருக்கிறது, இரும்பு இருக்கிறது, அனலில் நிற்கிற ஆளும் இந்த ஊரில் இருக்கிறார்...

மணி அடிச்சுட்டாங்க. முடிச்சுக்கிறேன். நடுவர் அவர்களே, மேடை ஏறியவுடன் உங்களுக்கு ஒரு வீரவாள் பரிசளித்தார்களே, கொடுத்தவர் பெயரை மைக்கில் மூன்று தடவை அறிவித்தார்கள். செய்தவர் பெயரைக் கேட்டேன், விழாக்குழுவில் யாருக்கும் தெரியவில்லை. தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் தயவுசெய்து அதை ஒரு தடவை உருவிப் பாருங்கள். (நடுவர் உருவ முயல்கிறார், வரவில்லை. பலத்த சிரிப்பு, கைதட்டல்)