சகோதரர் என்னும் சொல்

உறவு என்பது இரத்தத்தால் வருவது. குலத்தாலும் ஊராலும் நிலைபெறுவது. பழைய உரோமப் பேரரசின் மக்களும் அவ்வாறே எண்ணினர். அப்பேரரசிலே ஆண்டானும் அடிமையும், யூதரும் கிரேக்கரும் ஒருவரையொருவர் சகோதரர் என்றழைக்கும் சிறு கூட்டங்கள் முதலாம் நூற்றாண்டில் தோன்றின. அச்சொல் வெறும் உபசாரச் சொல்லா, அன்றிக் கடமையையும் உடன்கொணர்ந்த சொல்லா?

சோதனை தொடக்கத்திலேயே வந்தது. எருசலேம் திருச்சபையில் நாள்தோறும் உணவு பங்கிடப்பட்டது. அப்பங்கீட்டில் கிரேக்கம் பேசும் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுகின்றனர் என்ற முறைப்பாடு எழுந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகின்றது. அம்முறைப்பாடு மூடிமறைக்கப்படவில்லை. பங்கீட்டுப் பணிக்கென எழுவர் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவ்வெழுவர் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. குறைகூறிய பக்கத்தாரிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதென அறிஞர் பலர் கருதுவர்.

உணர்ச்சியாகத் தோன்றிய அன்பு காலப்போக்கில் ஒழுங்குமுறையாயிற்று. உரோமாபுரியில் ஞாயிறுதோறும் வசதியுள்ளோர் தாம் விரும்பிய அளவு பொருள் கொடுத்தனர் என்றும், அநாதைகள், கைம்பெண்கள், நோயாளர், சிறைப்பட்டோர், அந்நியர் ஆகியோர்க்கு அது பயன்பட்டதென்றும் கி. பி. 155 அளவில் யுஸ்தின் எழுதினார். எவரையும் கட்டாயப்படுத்தாத அப்பொதுப்பணத்தைக் கொண்டு கார்த்தேஜில் ஏழைகள் அடக்கம் செய்யப்பட்டதைத் தெர்த்துல்லியன் குறிப்பிடுகின்றார். கி. பி. 251இல் உரோமாபுரித் திருச்சபை 1,500க்கும் மேற்பட்ட கைம்பெண்களையும் வறியோரையும் தாங்கிவந்ததென அதன் ஆயர் கொர்னேலியுஸின் கடிதம் தெரிவிக்கின்றது. அக்காலத்தில் அச்சபை அரசின் பாதுகாப்பில் இருக்கவில்லை; அரசின் துன்புறுத்தலுக்கு உட்பட்டிருந்தது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியன் காலத்தில் இரு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. அயலிலுள்ள நுமீதியாவில் கிறிஸ்தவர் சிலரைக் கொள்ளையர் சிறைபிடித்தனர். அவர்களை மீட்பதற்குக் கார்த்தேஜ் மக்கள் 1,00,000 செஸ்தர்ஸ் நாணயங்களைத் திரட்டி அனுப்பினர். மற்றொன்று, கி. பி. 252 அளவில் அந்நகரைத் தாக்கிய கொள்ளைநோய். உற்றாரையே கைவிட்டு மக்கள் ஓடினர். பிணங்கள் தெருக்களிற் கிடந்தன. தம்மவரைப் பேணுவதிற் பெருமை இல்லை, பகைவரையும் பேணுதல் வேண்டுமெனச் சிப்பிரியன் தம் மக்களுக்கு எடுத்துரைத்தார். செல்வர் பொருளும் வறியோர் உழைப்பும் அளித்தனர். கி. பி. 258இல் அவரையே உரோம அரசு சிரச்சேதம் செய்தது.

இக்குடும்பத்திலும் குறைகள் இருந்தன. அடிமையைச் சகோதரன் என்றழைத்தவர்கள் அடிமை முறையை ஒழிக்க முற்படவில்லை. ஆயினும், நான்காம் நூற்றாண்டில் பழைய சமயத்தை மீண்டும் நிலைநாட்ட முயன்ற பேரரசன் யூலியன், கலாத்தியாவின் தலைமைப் பூசகருக்கு எழுதிய கடிதத்தில் மனம் வருந்தினான். கிறிஸ்தவர்கள் தம் ஏழைகளை மட்டுமன்றி, நம் ஏழைகளையும் தாங்குகின்றனரே என்பது அவன் வருத்தம். நண்பர் கூறும் புகழிலும் பகைவன் தரும் இச்சான்று வலியது. சகோதரர் என்னும் சொல்லுக்கு அம்மக்கள் அளித்த பொருள் அதனால் விளங்கும்.