ஒரு சட்டிச் சொதியின் வரலாறு



கடந்த பொங்கலுக்கு நம் வளாகத்தில் நடந்த பொதுவிருந்து உங்களுக்கு நினைவிருக்கும். பரிமாறும் குழுவில் நானும் இருந்தேன். பாயசம் வைத்திருந்த மேசைக்கு முன்னால் ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி டம்ளரை நீட்டாமல் நின்றாள். அவளுக்குப் பால் ஒவ்வாது என்று பின்னால் வந்த அம்மா சொன்னார். பச்சடியில் தயிர், பருப்பில் நெய், சர்க்கரைப் பொங்கலில் பாலும் நெய்யும். சோறு, பொரியல், அப்பளம் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனாள். "சைவ விருந்து, அனைவரும் வருக" என்று அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தவர்கள் நாம்தான்.

பாலும் நெய்யும் இல்லாமல் விருந்து வைக்க முடியாதா என்ற கேள்வி அன்றைக்கு எழுந்தது. பழைய சமையலைக் கொஞ்சம் தேடிப் பார்த்ததில், நம் பக்கத்திலேயே பதில் இருந்தது.

பெயர் புதிது, சமையல் பழையது

இறைச்சி, முட்டையோடு பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கும் உணவை இன்று 'வீகன்' என்கிறோம். தமிழில் 'நனிசைவம்' என்றும் எழுதுகிறார்கள். இந்த ஆங்கிலச் சொல் 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் உருவாக்கியது. பாலும் வெண்ணெயும் சமையலின் அடிப்படையாக இருந்த குளிர்நாட்டில் அது ஒரு பெரிய துறவு. தென்னை வளரும் வெப்ப நாடுகளில் அப்படியில்லை. குழம்புக்குக் கொழுப்பும் சுவையும் கெட்டியும் தருவதற்குத் தேங்காய்ப்பால் இருந்தது. மனிதர்கள் தென்னையைப் பழக்கி வளர்த்த பகுதிகள் இரண்டு என்று 2011-ல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. ஒன்று தென்கிழக்காசியத் தீவுகள். மற்றது இந்தியப் பெருங்கடலின் கரையோரம், அதாவது நம் பக்கம்.

கேரளத்து ஓலன் பூசணிக்காயும் காராமணியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் இடியாப்பத்துக்குச் சொதி. ஜாவாவில் 'சாயூர் லோடே' என்று காய்கறிகளைத் தேங்காய்ப்பாலில் வேகவைக்கிறார்கள். அதில் சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் 'டெம்பே' துண்டுகளும் மிதக்கும். உலர்ந்த இறால் போடுபவர்களும் உண்டு, போடாமலும் செய்யலாம். இவர்களில் யாரும் 'வீகன்' சமைக்க வேண்டும் என்று நினைத்துச் சமைக்கவில்லை. வீட்டுக் கொல்லையில் இருந்ததைச் சமைத்தார்கள்.

சட்டிக்குள் வந்து சேர்ந்தவர்கள்

இந்தக் குடும்பத்தில் நமக்குச் சொந்தமானது திருநெல்வேலிச் சொதி. திருநெல்வேலிச் சைவப் பிள்ளைமார் வீட்டுக் கல்யாணங்களில் மறுநாள் மறுவீட்டு விருந்தின் தலைமை உணவு அதுதான். பக்கத்தில் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கும் இருக்க வேண்டும். இதைவிடப் பழமையான தமிழ் உணவு உண்டா என்று தோன்றும்.

சட்டிக்குள் எட்டிப் பாருங்கள். தேங்காய், பாசிப்பருப்பு, இஞ்சி, முருங்கைக்காய் ஆகியவை இந்தப் பக்கத்தவை. பச்சை மிளகாய், உருளைக்கிழங்கு, பீன்ஸ் மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மேலே வறுத்துப் போடும் முந்திரி பிரேசில் நாட்டு மரம். கேரட் மத்திய ஆசியாவில் பிறந்தது. கொலம்பஸ் 1492-ல் கடல் கடந்ததற்கும் வாஸ்கோ ட காமா 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்ததற்கும் முன்னால், தமிழ்நாட்டில் ஒருவரும் மிளகாயைக் கடித்ததில்லை. அதுவரை காரம் என்றால் மிளகு. புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரையே கொஞ்சம் நீட்டி வைத்துக்கொண்டோம். பறங்கிக்காய் கொண்டுவந்தவரின் பெயரைச் சுமக்கிறது. அன்னாசி பிரேசில் பழங்குடியினரின் சொல், போர்த்துக்கீசியர் வாய்வழியாக வந்தது.

வராதிருந்த காலத்தின் நினைவும் சில சமையலறைகளில் அப்படியே இருக்கிறது. நம் ஒடிசா நண்பர்களைக் கேளுங்கள்: பூரி ஜகந்நாதர் கோயில் மடைப்பள்ளிக்குள் உருளைக்கிழங்கும் தக்காளியும் மிளகாயும் இன்றும் நுழைவதில்லை. நம் வீடுகளில் திவசச் சமையலில் 'இங்கிலீஷ் காய்' சேர்க்காததும் அதே நினைவுதான்.

வந்ததைப் போலவே இங்கிருந்து போனதும் உண்டு. ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள், இன்றும் கல்யாணத்திலும் விழாவிலும் வாழையிலையில் 'ஏழு கறி' பரிமாறுகிறார்கள். பறங்கி, வாழைக்காய், பலாப்பிஞ்சு என்று எல்லாம் காய்கறி. கூடவே 'ரசோன்' என்று பெயர் திரிந்த நம் ரசம். கரீபியக் கடலில் மார்த்தினிக்குக்கு 1853-லும் குவாதலூப்புக்கு 1854-லும் தமிழர்களைக் கப்பலில் கொண்டுபோகத் தொடங்கினார்கள். மொழியைப் பேரப்பிள்ளைகள் மறந்துபோனார்கள். ஆனால் அந்தத் தீவுகளின் மசாலாப் பொடிக்கு இன்றும் 'கொலோம்போ' என்று பெயர். அது 'குழம்பு' என்ற சொல்லின் திரிபு என்று சொல்லப்படுகிறது.

சத்திரம் என்ற பெயர்

நம் ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகும் வழிப்போக்கருக்குத் தங்க இடமும் சோறும் என்பதே அந்தச் சொல்லின் பொருள். ஆனால் அந்தக் காலத்துச் சத்திரங்கள் பலவற்றில் சாதி பார்த்துத்தான் பந்தி போட்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. 'சைவம்' என்ற சொல்லும் பல இடங்களில் அழைப்பாக இல்லாமல் வேலியாக நின்றிருக்கிறது. இன்றைக்கும் வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் முதலில் கேட்கப்படுவது என்ன என்பது உங்களுக்குத் தெரியும்.

அதே சைவச் சோற்றை வைத்தே வேலியைப் பிரித்துப் போட்டவரும் உண்டு. வள்ளலார் 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி மதம் கேட்காமல், பசித்து வந்தவருக்கெல்லாம் சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை.

ஆகவே, நனிசைவத்துக்கு மாறுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் வீட்டில் மீன் குழம்பு கொதிக்கட்டும். பொதுப் பந்தியில் ஒரு சட்டியாவது எல்லாரும் எடுத்துக்கொள்ளக் கூடியதாக இருக்கட்டும்.

நான்கு பேருக்குச் சொதி

கால் கப் பாசிப்பருப்பை லேசாக வறுத்துக் குழைய வேகவையுங்கள். ஒரு முழுத் தேங்காயைத் துருவி அரைத்து மூன்று முறை பால் பிழிந்து தனித்தனியாக வையுங்கள். மூன்றாம் பாலில் இரண்டு கப் காய்களை உப்புப் போட்டு வேகவையுங்கள். ஐந்து பச்சை மிளகாயையும் ஒரு துண்டு இஞ்சியையும் அரைத்துச் சேருங்கள். பருப்பும் இரண்டாம் பாலும் ஊற்றி ஒரு கொதி வரட்டும். தீயைக் குறைத்து முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கிவிடுங்கள். கொதித்தால் திரிந்துவிடும். தேங்காயெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, சற்று ஆறியபின் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். சூட்டோடு பிழிந்தாலும் திரியும்.

அடுத்த விருந்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னாலும் பால், நெய், முந்திரி, வேர்க்கடலை சேர்ந்திருக்கிறதா என்று ஒரு சீட்டு வைப்போம். சமைத்துக்கொண்டு வருபவர்கள், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், உங்கள் ஊரில் பால் சேர்க்காமல் செய்யும் ஒரு பதார்த்தத்தை அதன் ஊர்ப் பெயரோடு கொண்டுவாருங்கள்.

பாயசத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பாசிப்பருப்பு, வெல்லம், தேங்காய்ப்பால். தேங்காய்ப் பல்லைத் தேங்காயெண்ணெயிலேயே வறுத்துப் போடுவேன். முதல் டம்ளர் யாருக்கு என்பதை முடிவு செய்துவிட்டேன்.