யானைத் தலையா, மகுடமா?

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு காரியங்களை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். காமாட்சி அம்மனையும் வரதராஜரையும் தரிசிப்பது ஒன்று. பட்டுப் புடவை வாங்குவது மற்றொன்று. வைகுண்டப் பெருமாள் கோயில் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. சரித்திரத்தில் சபலம் உள்ளவன் ஆகையால், காஞ்சிக்குப் போனால் நான் முதலில் போகும் இடம் அதுதான்.

சென்ற தடவை என் தங்கை மகனும் கூட வந்தான். இரண்டு வருஷம் ஜப்பானில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். அவனுடைய நெற்றியில் குறுக்கே ஒரு சிவந்த தழும்பு இருந்தது.

"என்னடா இது? யாரோடு சண்டை?" என்று கேட்டேன்.

"சண்டைதான், மாமா. ஆனால் எதிராளி செய்த காயம் இல்லை. காயம் படாமல் இருப்பதற்காகப் போட்டுக்கொண்ட கவசம் செய்த காயம்!" என்றான்.

அவன் ஜப்பானியக் கத்திச் சண்டையான கெண்டோ பழகுகிறான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூங்கில் பிளாச்சுகளைச் சேர்த்துக் கட்டிய கத்தியால் ஒருவர் தலையில் ஒருவர் ஓங்கி அடிக்கிற வித்தை அது. 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகநுமா என்ற ஆசிரியர் மூங்கில் கத்தியையும் கவசத்தையும் திருத்தி அமைத்தார். அதற்குப் பிறகு, உயிர்ச்சேதமில்லாமல் முழு வேகத்தோடு அடித்துப் பழக முடிந்தது.

தலைக்கவசத்துக்கு 'மென்' என்று பெயர். முகத்துக்கு நேரே உலோகக் கம்பிகளால் ஆன கிராதி. தலைக்கும் தோளுக்கும் மெத்தைபோல் தைத்த தடித்த துணி. இதைத் தலையில் உட்கார வைப்பதே ஒரு தனி வித்தை என்று என் மருமகன் சொன்னான். முதலில் முழங்கால் மடித்து உட்கார வேண்டும். தலையில் மெல்லிய பருத்தித் துணி ஒன்றைச் சுற்றிக்கொள்ள வேண்டும். பிறகு மோவாயை முதலில் கவசத்துக்குள் கொடுத்து, அப்புறம் நெற்றியைப் பொருத்த வேண்டும். கிராதியில் ஆறாவது கம்பிக்கும் ஏழாவது கம்பிக்கும் இடையில் மட்டும் இடைவெளி சற்று அதிகம். கண் அந்த இடைவெளிக்கு நேராக வரவேண்டும். கயிற்றை இறுக்கிக் கட்டிய பிறகு, காதோரத்துத் துணியைச் சிறிது இழுத்து விட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று, அடி விழும்போது செவிப்பறையைத் தாக்கும்.

"இவ்வளவும் செய்தும் வலிக்கிறதா?" என்றேன்.

"வலிக்கிறது. கவசத்தை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன்."

இந்தப் பேச்சோடுதான் நாங்கள் கோயிலுக்குள் நுழைந்தோம். அங்கே, ஆயிரத்து இருநூறு வருஷங்களுக்கு முந்திய மற்றொரு தலைக்கவசம் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தது!

வைகுண்டப் பெருமாள் கோயிலின் பழைய பெயர் பரமேச்சுர விண்ணகரம். கட்டியவன் இரண்டாம் நந்திவர்ம பல்லவமல்லன். கருவறையைச் சுற்றிச் சிங்கத் தூண்கள் தாங்கும் திருச்சுற்று மாளிகை இருக்கிறது. அதன் சுவரில் வரிசை வரிசையாகப் பல்லவ வம்சத்தின் கதை செதுக்கப்பட்டிருக்கிறது. மணற்கல் ஆகையால் பல முகங்கள் கரைந்துவிட்டன. ஆனாலும் சில சிற்பங்களுக்குக் கீழே இன்ன காட்சி என்று கல்வெட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தச் சிற்பங்களை முறையாக ஆராய்ந்து எழுதியவர் டாக்டர் மீனாட்சி என்ற தமிழ்ப் பெண்மணி. அவருடைய நூல் 1941-ல் வெளிவந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்க்க அவர் இல்லை. முந்திய ஆண்டே இளம் வயதில் காலமாகிவிட்டார்.

கல்வெட்டுச் சொல்லும் கதை இது. சுமார் 731-ம் ஆண்டில் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தான். பட்டத்துக்கு வாரிசு இல்லை. காஞ்சியின் கடிகையாரும் மூலப்பிரகிருதிகள் எனப்பட்ட பெருமக்களும் புறப்பட்டு, பல்லவர்களின் கிளை வம்சத்தைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போய் அரசன் வேண்டும் என்று கேட்டார்கள். இரணியவர்மனுக்கு நான்கு புதல்வர்கள். சிறீமல்லன், இரணமல்லன், சங்கிராமமல்லன் மூவரும் போக மறுத்துவிட்டார்கள். கடைக்குட்டி பல்லவமல்லன் மட்டும், தான் போவதாகச் சொல்லிக் கை கூப்பி நின்றான். அவனுக்கு வயது 12.

தகப்பனின் மனம் நஞ்சும் அமுதும் கலந்தாற்போல் ஆயிற்றாம். சாம்ராஜ்யம் வீடு தேடி வருவது அமுது. பால் மணம் மாறாத பிள்ளையைக் கொடுக்க வேண்டுமே, அது நஞ்சு. தரணிகொண்ட போசர் என்ற பெரியவர் அவனைத் தேற்றி இணங்கச் செய்கிறார். அப்போது இரணியவர்மன் முன்னால் சில பெரிய பொருள்களைக் கொண்டு வந்து வைக்கிறார்கள். பார்ப்பதற்கு யானைத் தலைகள் மாதிரி இருக்கின்றன. இவை யானைத் தலைகள் அல்ல, உன் மகனுக்கு உரிய மகுடங்கள் என்று தரணிகொண்ட போசர் விளக்குகிறார்.

என் மருமகன் இதைக் கேட்டதும் சிரித்தான். "யானைத் தலை அளவு மகுடமா? பன்னிரண்டு வயதுப் பையனுக்கா? தோள் வரையில் இறங்கியிருக்குமே, மாமா!"

நியாயமான கேள்விதான். யானைத் தலை உருவில் முடி தரிப்பது உலகம் அறியாத விஷயம் அல்ல. அலெக்ஸாந்தர் மறைந்த சில ஆண்டுகளில் எகிப்தை ஆண்ட தாலமி வெளியிட்ட நாணயங்களில், அலெக்ஸாந்தரின் தலைமேல் யானைத் தோல் கவிந்திருக்கிறது. பாக்டிரியாவின் கிரேக்க அரசன் டெமிட்ரியஸின் நாணயத்திலும், துதிக்கை நெற்றிக்கு மேலே எழும்பி நிற்கிறது. ஆனால் அவர்கள் தோள் வலிமை கண்ட ஆண்பிள்ளைகள். இந்தியாவை வென்றோம் என்பதற்கு அடையாளமாக அதை அணிந்தார்கள். நம் பல்லவமல்லனோ எதையும் வெல்லாதவன். ஆறும் மலையும் காடும் கடந்து காஞ்சிக்கு வந்து, அந்தப் பாரத்தைத் தலையில் ஏற்றுக்கொண்டான்.

இந்தக் கதையை அப்படியே நம்பலாமா? நந்திவர்மன் கட்டிய கோயிலில் நந்திவர்மனைப் பற்றி எழுதியிருப்பது நந்திவர்மனுக்குப் பாதகமாக இருக்க முடியாது. குடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்று காசாக்குடிச் செப்பேடும் சொல்கிறது. உதயேந்திரம் செப்பேடோ அவனைப் பரமேசுவரவர்மனின் மகன் என்றே கூறுகிறது! கிரீடம் தலைக்குச் சரியாகப் பொருந்தியிருந்தால் இத்தனை விதமாகச் சமாதானம் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

பொருந்தாத கிரீடத்தைப் பிடுங்கப் பார்த்தவர்களும் இருந்தார்கள். சித்திரமாயன் என்பவனுக்காகத் தமிழ் அரசர்கள் திரண்டு வந்து, நந்திபுரத்தில் இவனை முற்றுகையிட்டார்கள். சேனாபதி உதயசந்திரன் வந்து மீட்டான். மேற்கே இருந்து சளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள்ளேயே புகுந்துவிட்டான். கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதைக் கவராமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாகக் கன்னடத்தில் கல்வெட்டும் பொறித்துவிட்டுப் போனான். இவ்வளவையும் தாங்கி, சுமார் 65 ஆண்டுகள் ஆண்டான் நந்திவர்மன். மகுடம் சுருங்கவில்லை, தலை அதற்குத் தக்கபடி வளர்ந்தது.

எல்லாத் தலைகளும் இப்படி இணங்கிவிடுவதில்லை. காஞ்சியிலிருந்து மேற்கே சுமார் 70 கிலோமீட்டர் போனால் வேலூர்க் கோட்டை. அங்கே நடந்தது வேறு கதை.

1805-ம் ஆண்டின் இறுதியில் சென்னை ராணுவத்தின் தளபதி சர் ஜான் கிரடாக் ஒரு புது உத்தரவு பிறப்பித்தார். சிப்பாய்கள் நெற்றியில் சமயச் சின்னம் அணியக்கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது. அத்துடன் புது மாதிரித் தலைப்பாகை ஒன்றும் வந்தது. அதில் தோலால் ஆன குஞ்சம் இருந்தது. பார்வைக்கு வெள்ளைக்காரர் தொப்பியின் சாயல். தொப்பி போடுகிறவன் கிறிஸ்தவன் என்பது அந்நாளைய ஜனங்களின் எண்ணம். பசுத்தோலோ பன்றித்தோலோ என்ற பயம் வேறு.

1806 மே மாதத்தில் வேலூர்ச் சிப்பாய்கள் அதை அணிய மறுத்தார்கள். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலா 900 கசையடி தண்டனை விதிக்கப்பட்டது. ஜூலை 10-ம் தேதி விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. கோட்டைத் தளபதி பேன்கோர்ட்டும் நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயர்களும் மாண்டார்கள். ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையுடன் பறந்து வந்தார். பிறகு செத்து விழுந்த இந்தியச் சிப்பாய்களின் எண்ணிக்கை பல நூறு. தலைப்பாகை உத்தரவு வாபஸ் ஆயிற்று. 1807-ல் கவர்னர் பெண்டிங்கும் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

அந்தக் கலகத்துக்குத் தலைப்பாகை ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. கோட்டைக்குள் திப்புவின் புதல்வர்கள் காவலில் இருந்தார்கள். சிப்பாய்களுக்கு வேறு குறைகளும் இருந்தன. ஆயினும் ஒரு வித்தியாசத்தை மறக்க முடியவில்லை. இரணியவர்மன் தன் நான்கு பிள்ளைகளையும் கேட்டான். மூன்று பேர் மாட்டேன் என்றார்கள். அவர்களை யாரும் கசையால் அடிக்கவில்லை. நாலாவது பையன் தானே ஒப்புக்கொண்டான். வேலூரில் தலைகளை அளவெடுத்தார்களோ என்னவோ, தலைக்குள் இருப்பதைக் கேட்பாரில்லை.

கோயிலிலிருந்து வெளியே வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். எழுபதைத் தாண்டியவர். மோர் கொடுத்து உபசரித்தவர், பையனின் நெற்றித் தழும்பைப் பற்றி விசாரித்தார். கவசக் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, "உள்ளே சுற்றுகிற துணி இருக்கிறதா, தம்பி?" என்றார்.

என் மருமகன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ஜப்பானில் வாங்கிய அழகான துணி. இன்னும் கஞ்சி விறைப்புப் போகவில்லை. பெரியவர் அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். தலையில் கட்டிக் காட்டச் சொன்னார். நெற்றிக்கு நேரே துணியில் தடித்த மடிப்பு ஒன்று விழுந்தது. தழும்பு இருந்த அதே இடம்!

"கவசத்தின்மேல் ஏன் பழி போடுகிறீர்கள்? இந்த மடிப்பல்லவா அழுத்துகிறது? நாலு தடவை துவைத்து, கஞ்சி போனபின் கட்டுங்கள். முடிச்சும் மடிப்பும் பின்னால் போகட்டும்" என்றார்.

"பட்டுத் துணி கட்டினால் இன்னும் மெத்தென்று இருக்காதா?" என்று நான் கேட்டேன். காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு வேறென்ன கேட்பது?

கிழவர் சிரித்தார். "பட்டு வழுக்கும், சுவாமி. நூல் துணிபோல வேர்வையையும் குடிக்காது. வாழ்நாள் முழுதும் பட்டு நெய்திருக்கிறேன். ஆனால் என் தலையில் கட்டுவது நூல் துண்டுதான்" என்றார்.

பல்லவமல்லனின் மகுடத்துக்குள்ளும் யாராவது ஒரு பழைய நூல் துணியைச் சுற்றி வைத்திருப்பார்களா? கல்வெட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் பிள்ளையை அனுப்ப மனமில்லாமல் தவித்த அந்தத் தகப்பன், கடைசி நிமிஷத்தில் தன் உத்தரீயத்தைக் கிழித்தாவது கொடுத்திருப்பான் என்றே எனக்குத் தோன்றுகிறது.