நிறம் மாறும் கொர்ரமீனு

ஜூன் மாதம் 7, 8 தேதிவாக்கில் மிருகசிர கார்த்தெ (சூரியன் மிருகசீரிட நட்சத்திரத்தில் இருக்கும் காலம்) பிறக்கிறது என்றால் ஹைதராபாத்தில் மீன் விலை ஏறிவிடும். அன்றைக்கு வீட்டில் மீன் சமைக்க வேண்டும் என்பது தெலங்கானா வழக்கம். ராம்நகர், முஷீராபாத் மீன் சந்தைகளில் கால் வைக்க இடமிருக்காது. அதே நாளில் நாம்பள்ளி பொருட்காட்சித் திடலிலும் பெருங்கூட்டம் கூடும். அங்கே வருபவர்கள் ஆஸ்துமாக்காரர்கள். பிளாஸ்டிக் பையில் நீந்தும் இரண்டு மூன்று அங்குல மீன்குஞ்சோடு வரிசையில் நிற்பார்கள். குஞ்சின் வாயில் மஞ்சள் நிற மருந்துருண்டையைத் திணித்து, உயிரோடு அப்படியே தொண்டைக்குள் விடுவார்கள்.

இந்த மருந்தைக் கொடுத்துவருவது பத்தினி கௌடு குடும்பம். 1845இல் வீரண்ண கௌடுவுக்கு ஒரு சாது இதன் பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்தார், காசு வாங்காமல் கொடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார் என்பது அவர்கள் சொல்லும் கதை. பழைய நகரத்தின் தூத்பௌலியில் தொடங்கியது பிற்பாடு நாம்பள்ளிக்கு வந்தது. பகுத்தறிவு இயக்கங்கள் வழக்குத் தொடுத்து எதிர்த்த பிறகு ‘மீன் மருந்து’ என்ற பெயர் ‘மீன் பிரசாதம்’ ஆயிற்று. ஆஸ்துமா இதனால் குணமாகும் என்பதற்கு அறிவியல் சான்று கிடையாது. கொரோனா காலத்தில் நின்றுபோய், 2023இல் மறுபடி தொடங்கியது.

மருந்து பலிக்கிறதா என்று ஆண்டுதோறும் சண்டை நடக்கிறது. அந்த மீன் எது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தெலுங்கில் கொர்ரமீனு, ஹைதராபாத் உருதுவில் மரல், நம் ஊரில் விரால். 2016இல் தெலங்கானா அரசு மாநில மீனாக அறிவித்ததும் இதைத்தான். ஆனால் விரால் என்பது ஒற்றை மீன் அல்ல, ஒரு குடும்பம். ஏரி மாறினால் நிறம் மாறும், வயது கூடினாலும் மாறும் குடும்பம்.

ராம்நகர் சந்தையின் அலுமினியத் தொட்டியை எட்டிப் பார்த்தால் புரியும். அரையடித் தண்ணீரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரளும் மீன்களில் ஒன்று தார் போலக் கறுத்திருக்கும். அடுத்தது சேற்று மஞ்சள். மூன்றாவதன் விலாவில் சாய்ந்த பட்டைகள் தெளிவாகத் தெரியும். நடுநடுவே ஒன்று தலையைத் தூக்கி ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும். செவுளுக்கு மேலே காற்றை வாங்கும் தனி அறை இருப்பதால் தண்ணீர் வற்றினாலும் ஈரச் சேற்றில் தாக்குப்பிடிக்கும். உயிரோடு விற்க முடிவதும் இதன் விலைக்கு ஒரு காரணம். வீட்டுக்கு வந்த பிறகு வழுவழுப்புப் போகச் சாம்பலோ கல்லுப்போ போட்டுத் தேய்க்காமல் கையில் நிற்காது.

தொட்டியில் இருக்கும் மூன்றும் ஒரே இனமாகவே இருக்கலாம். தாமரையும் பாசியும் மண்டிய குளத்தில் அடிமண் கறுப்பு. அங்கே வளரும் விராலின் முதுகும் கறுப்பு. மழைவெள்ளம் கலங்கிய நீரிலோ சிமென்ட் தொட்டியிலோ அதே மீன் வெளுக்கும். தோலில் உள்ள நிறமிச் செல்களுக்குள் கரும்பொடித் துகள்கள் பரவினால் உடல் கறுக்கும், ஒடுங்கினால் வெளுக்கும். இதை நடத்துவது கண். மேலிருந்து வரும் வெளிச்சத்தையும் தரையிலிருந்து திரும்பும் வெளிச்சத்தையும் ஒப்பிட்டு, நரம்பு வழியாகவும் ஹார்மோன் வழியாகவும் தோலுக்குச் சேதி போகிறது. இது சில நிமிடங்களில், சில மணி நேரத்தில் நடப்பது. வாரக்கணக்கில் ஒரே நீரில் கிடந்தால் அந்தச் செல்களின் எண்ணிக்கையே கூடும், குறையும்.

விராலுக்குப் பெயர் வைத்தவர்களோ நிறத்தை நம்பியே வைத்தார்கள். இதில் தரங்கம்பாடிக்கும் பங்கு உண்டு. அங்கே மிஷனரியாக இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், சோழமண்டலக் கரை மீன்களைப் பதப்படுத்தி பெர்லினிலிருந்த மருத்துவர் மார்க்கஸ் எலீசர் பிளாக்குக்கு அனுப்பிவந்தார். 1793இல் பிளாக் விராலுக்கு ‘பட்டையுள்ளது’ என்ற பொருளில் ஸ்ட்ரையாட்டஸ் என்றும், அதே குடும்பத்துக் கொரவைக்குப் ‘புள்ளியுள்ளது’ என்ற பொருளில் பங்டேட்டஸ் என்றும் பெயர் சூட்டினார். அவர் இந்தியாவுக்கு வந்தவர் அல்ல. சாராயத்தில் ஊறிய மீனில் நிறம் எவ்வளவு மிஞ்சும் என்பது மீன் ஆய்வுக்கூடம் பார்த்த எவருக்கும் தெரியும்.

இதைவிடப் பெரிய கூத்து கேரளத்தில் நடந்தது. 1865இல் சென்னை ராணுவ மருத்துவர் பிரான்சிஸ் டே, கொச்சிப் பக்கம் கிடைத்த ஒரு குஞ்சின் விலாவில் இரண்டு கரும்பட்டைகளைக் கண்டு அதைப் புது இனமாக்கி டிப்லோகிராமா என்றார். பிறகு அவரே மனம் மாறி, தென்கிழக்கு ஆசியாவின் பெருவிரால் ஒன்றோடு அதைச் சேர்த்துவிட்டார். வளர வளரப் பட்டை மறைந்து உருவமே வேறாகிவிடுவதால் அந்தச் சேர்க்கையே நெடுங்காலம் நிலைத்தது. 2011இல் மரபணுவையும் உடல் அளவுகளையும் வைத்துப் பார்த்த பிறகே அது மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய தனி இனம் என்று உறுதியானது. இடையில் 146 ஆண்டுகள் போய்விட்டன.

அமெரிக்க ஆறுகளில் வாழும் ‘கார்’ (gar) என்ற நீள்மூக்கு மீன்களிலும் இதே தொல்லைதான். தெளிந்த நீரில் புள்ளி கார் மீனின் புள்ளிகள் பளிச்சென்றிருக்கும், கலங்கலில் மங்கிவிடும். அதனால் அதையும் ஃப்ளோரிடா காரையும் பிரிக்க, கண்ணிலிருந்து செவுள்மூடி விளிம்பு வரையுள்ள நீளத்தை மூக்கு நீளத்தோடு ஒப்பிடுகிறார்கள்.

விராலில் நிறத்துக்குப் பதில் கைகொடுப்பது எண்ணிக்கை. உடலின் பக்கவாட்டில் ஓடும் கோட்டில் செதில்கள் ஐம்பதுக்கு மேல், அறுபதுக்குள் இருந்தால் விரால். அறுபதைத் தாண்டினால் அதே குடும்பத்துப் பூவிரால். நாற்பதுக்குள் அடங்கினால் கொரவை. 1940களில் ஹைதராபாத் சமஸ்தானத்து மீன்களைக் கணக்கெடுத்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதிய ரஹிமுல்லா காலத்திலும் கையேடுகள் செதிலையும் துடுப்புக் கதிரையும்தான் எண்ணச் சொல்லின.

நாம்பள்ளியில் இதற்கு இடமில்லை. துள்ளும் குஞ்சில் செதில் எண்ணுவது யார்? அதுவும் குஞ்சுப் பருவம்தான் ஏமாற்றுவதில் முதலிடம். பொரித்த புதிதில் விரால் குஞ்சுகள் செங்கல் நிறத்தில் கூட்டமாகத் திரியும், தாயும் தகப்பனும் காவல் காக்கும். விரல் நீளம் வருவதற்குள் அந்தச் சிவப்பு போய் மண்நிறம் வந்துவிடும். விரால் குஞ்சின் முதுகுத் துடுப்புக் கடைசியில் ஒரு கரும்பொட்டு இருக்கும். பூவிரால் குஞ்சுக்குக் கண் போன்ற பொட்டு வாலடியில். திடலில் மீன்வளத் துறை தானே கவுன்டர் போட்டுக் குஞ்சுகளை விற்பதால், எது விரால் என்று பார்க்கும் வேலை பெரும்பாலும் துறையின் தலையில் விழுகிறது.

சந்தையில் வாங்குபவர்களுக்கு அந்த வசதி இல்லை. கறுப்பாக இருந்தால் ஏரி மீன், வெளுத்திருந்தால் பண்ணை மீன் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். தாமரைக் குளத்துக்குப் போனால் பண்ணை விராலும் கறுக்கும்.