பெயரன் தேடும் பெயர்: பழைய பதிவேடுகளும் நம் குடும்ப வரலாறும்

“தாத்தாவின் பெயரை எந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் தேடலாம்?” குடும்ப வரலாறு எழுத முற்படும் மாணவர்கள் நம்மிடம் பெரும்பாலும் முதலில் கேட்பது இவ்வினாவே. பிரிட்டனில் ஒருவர் தம் முன்னோரை மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் வீடு வீடாகத் தேடிக் கண்டுபிடிக்க இயலும். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1921இல் எடுத்த கணக்கெடுப்பின் தனியாள் விவரங்கள் நூறாண்டு கழித்து 2022இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. அதே 1921இல் மலாயாவிலும் கணக்கெடுப்பு நடந்ததென்று அறியும் மாணவர், தம் கொள்ளுத்தாத்தாவும் அதில் இருப்பார் என்று நம்புவது இயல்பு.

அவர் அதில் இருக்கிறார், பெயரின்றி இருக்கிறார். மலாயாவின் பழைய கணக்கெடுப்புகளிலிருந்து நம் கைக்கு வந்து சேர்ந்திருப்பவை அச்சிட்ட அறிக்கைகளும் அட்டவணைகளுமே. அவற்றில் ஊர் உண்டு, தொகை உண்டு, இனப்பிரிவு உண்டு, ஆள் இல்லை. ஆள் இருப்பது வேறு ஏடுகளில். ஆயினும் அங்கே அவர் பெயர் நாம் இன்று எழுதும் வடிவில் இராது. அதனை எழுதியவரின் காதுவழியே திரும்பக் கேட்கப் பழகினாலன்றி அது நமக்கு அகப்படாது. இவ்வுரையில் நாம் வலியுறுத்த விழைவது இதுவே.

கணக்கெடுப்பு தரும் வெளிச்சம்

சிங்கப்பூரில் 1824 சனவரியில் எடுத்த முதற் கணக்கெடுப்பு மொத்தம் 10,683 பேரைக் காட்டுகிறது. அவர்களுள் இந்தியர் 756 பேர். இராஃபிள்சுடன் 1819இல் பினாங்கிலிருந்து வந்தவரும் சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் தோன்றக் காரணமானவருமான நாராயண பிள்ளையும் அக்கணக்கில் ஓர் எண்ணாகவே நிற்பார். வரலாறு பெயரறிந்து போற்றும் ஒருவரின் நிலையே இதுவெனின், மூட்டை சுமந்தவரையும் துணி வெளுத்தவரையும் அதில் தேடிப் பயனில்லை.

ஆயினும், எந்தத் தலைப்பின்கீழ் நம்மவர் எண்ணப்பட்டனர் என்பதைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. நீரிணைக் குடியேற்றங்களின் 1871ஆம் ஆண்டுக் கணக்கில் தென்னிந்தியர் ‘கிளிங்’ எனப்பட்டனர். கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரின் வழிவந்ததாகக் கருதப்படும் அச்சொல் பின்னாளில் இழிசொல்லாயிற்று. 1891இல் ‘தமிழரும் ஏனைய இந்தியரும்’ என்னும் பொருள்படத் தலைப்பு மாறியது. இருபதாம் நூற்றாண்டில் ‘இந்தியர்’ என்பது பெருந்தலைப்பாகி, தமிழர், தெலுங்கர், மலையாளிகள் முதலியோர் அதன் உட்பிரிவுகளாயினர். இலங்கைத் தமிழர் தனியே எண்ணப்பட்டனர். தமிழ் முசுலிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்தவர் 1871இல் ‘ஜாவி பெக்கான்’ என்னும் வேறொரு பிரிவில் சேர்ந்தனர். எனவே தந்தை ஒரு தலைப்பிலும் மகன் மற்றொரு தலைப்பிலும் இருப்பது வியப்பன்று. பிற ஏடுகளைப் புரட்டும்போதும், அந்தந்தக் காலத்தில் நம்மவரை எச்சொல்லால் சுட்டினர் என்பதை அறிந்தே புரட்ட வேண்டும்.

இடத்தையும் காலத்தையும் உய்த்துணரவும் கணக்கெடுப்பு உதவும். மேற்குக்கரை மாவட்டம் ஒன்றில் 1901க்கும் 1911க்கும் இடையே தமிழர் தொகை திடீரெனப் பெருகியிருந்தால், ரப்பர்த் தோட்டங்கள் அங்கே பரவிய காலம் அது என்று கொள்ளலாம். ‘கப்பலேறி வந்து காட்டை வெட்டினார்கள்’ என்று வீட்டில் வழங்கும் கதைக்கு அதனால் ஏறக்குறைய ஓர் ஆண்டு கிடைக்கிறது.

பெயர் எழுதிய ஏடுகள்

மொரீசியசுக்கும் பிஜிக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவற்றைக் குறித்த ஏடுகள் பெருமளவில் எஞ்சியுள்ளன. மலாயாவுக்கு வந்த தமிழர்க்கு அத்தகைய தொடர்ச்சியான பெயர்வரிசை இல்லை. இங்கே ஒப்பந்த முறைக்கு 1910இல் முடிவு வந்தது. அதற்கு முன்னரே வேரூன்றிய கங்காணி முறையில்தான் பின்னர்ப் பெரும்பாலோர் வந்தனர். கங்காணி தம் சொந்த ஊருக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் சென்று, உற்றாரையும் ஊராரையும் அழைத்து வந்தார். இதனால் நமக்கு ஒரு நன்மை உண்டு. தாத்தாவின் ஊர் தெரியாவிடினும், அவரை அழைத்து வந்த கங்காணியின் ஊரோ, அதே லயத்தில் வாழ்ந்த பிற குடும்பங்களின் ஊரோ தெரிந்தால், தேட வேண்டிய வட்டாரம் சுருங்கிவிடும். தனியாளைத் தேடுவதினும் கூட வந்தவர்களைச் சேர்த்துத் தேடுவதே மலாயாத் தமிழர்க்குப் பொருந்தும் முறை.

தேடலை இன்றிலிருந்து பின்னோக்கி நடத்துக. பெற்றோரின் பிறப்புச் சான்றிதழில் தாத்தா, பாட்டியின் பெயரும் பிறந்த இடமாகத் தோட்டத்தின் பெயரும் இருக்கக்கூடும். அவசரகாலம் தொடங்கிய 1948இல் மலாயாவில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கு அடையாள அட்டை வழங்கப்பட்டது. அதுவரை எந்தத் தாளிலும் இடம்பெறாத பலர் அப்போதுதான் முதன்முறை எழுத்தில் ஏறினர். பள்ளிவயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்ததால், தோட்டப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளும் ஒரு சான்று. இவற்றோடு தோட்டத்துச் செக்ரோல், தேவாலய ஞானஸ்நானப் பதிவு, பள்ளிவாசல் திருமணப் பதிவு, கோயில் உபயதாரர் கல்வெட்டு, இடுகாட்டுக் கல் ஆகியவற்றையும் சேர்த்துக் காண வேண்டும். 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் படிக்கலாம். திருமணச் செய்திகளிலும் இரங்கற் செய்திகளிலும் ஊர்ப்பெயரும் உறவுமுறையும் ஒருங்கே கிடைப்பதுண்டு.

கிராணியின் காது

இவ்வேடுகளில் தமிழ்ப்பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதியவர் கிராணி அல்லது அரசு எழுத்தர். அவர் யாழ்ப்பாணத்தவராகவோ, மலையாளியாகவோ, சீனராகவோ, யுரேசியராகவோ இருந்திருக்கலாம். பெயர் சொன்னவர் பலர் எழுதப் படிக்க அறியாதவர். எழுதியது சரியா என்று பார்த்துச் சொல்ல அவரால் இயலவில்லை. எனவே பதிவேட்டில் உள்ளது, ஒருவர் வாயில் பிறந்து மற்றொருவர் காதில் விழுந்த ஒலி. அதனைப் பிழை என்று தள்ளாமல் பேச்சுத்தமிழின் சான்றாகப் படிக்க வேண்டும்.

‘லட்சுமி’ என்னும் பெயரைக் காண்போம். பழைய ஏடுகளில் இது ‘எல், ஈ, டி, சி, எச், யு, எம், ஒய்’ என்னும் எழுத்துகளோடு காணப்படும். கிராணி தவறிழைக்கவில்லை. வடமொழியிலிருந்தும் பிறமொழிகளிலிருந்தும் வந்த சொற்களில், முதலெழுத்து லகரமாகவோ ரகரமாகவோ ஒலிப்புடைய மெய்யாகவோ இருப்பின், அதனையடுத்த அகரம் பேச்சில் எகரமாகும். லட்சுமி லெச்சுமியாகவும், ரங்கசாமி ரெங்கசாமியாகவும், ரத்தினம் ரெத்தினமாகவும், ஜகநாதன் ஜெகநாதனாகவும் ஒலிப்பது இவ்விதியால்தான். இதனை அறிந்தவர் அகரத்தோடு கிடைக்காத பெயரை எகரத்தோடு தேடுவார்.

அகரவரிசையிட்ட ஆங்கிலப் பட்டியலில் தேடும்போது பிற மாற்றங்களையும் கருத வேண்டும். சின்னசாமி ‘எஸ்’ எழுத்தின்கீழும் இருக்கலாம், ‘சி’யின்கீழும் இருக்கலாம். தமிழெழுத்து ஒலிப்புடைய ககரத்தையும் ஒலிப்பிலாக் ககரத்தையும் வேறுபடுத்துவதில்லை. ஆகையால் கோவிந்தன் ‘ஜி’யிலும் ‘கே’யிலும் இடம்பெறுவார். பழனியின் ழகரம் பெரும்பாலும் ‘எல்’ ஆகும். ழகரத்தை யகரமாக ஒலிக்கும் வட்டாரத்தவர் பெயராயின் ‘ஒய்’ ஆகவும் கூடும். முத்துவின் உகரத்தை இரட்டை ‘ஓ’ இட்டு எழுதுவது பழைய வழக்கு. அவ்வெழுத்துமுறையே ஏட்டின் காலத்தை ஓரளவு உணர்த்தும். ஒவ்வொரு பெயருக்கும் நான்கைந்து எழுத்து வடிவங்களை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு தேடத் தொடங்குமாறு நம் மாணவர்க்கு அறிவுறுத்துவது வழக்கம்.

இது ஆய்வாளர்க்கு மட்டும் உரிய சிக்கலன்று. பிறப்புச் சான்றிதழில் ஒருவகையாகவும் அடையாள அட்டையில் வேறுவகையாகவும் பெயர் அமைந்ததால், தாமே அவர் என்று மெய்ப்பிக்க ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் நம்மிடையே உண்டு. வாரிசுரிமையும் சில வேளைகளில் குடியுரிமையும் ஓரெழுத்தில் தொங்கியிருக்கின்றன.

பெயரனும் பெயர்த்தியும்

தமிழர் பெயரமைப்பு தேடுவோர்க்கு ஒரு தடையும் ஒரு துணையும் ஆகும். நம்மில் பெரும்பாலோர்க்குத் தலைமுறை தோறும் தொடரும் குடும்பப் பெயர் இல்லை. இன்று இனியன் முருகன் என்று இருப்பவரின் தந்தை முருகன் கருப்பையா. அவர் தந்தை கருப்பையா முனியாண்டி என்று கொள்வோம். மூன்று தலைமுறையில் இனியன் என்னும் பெயரின் சுவடே இல்லை. ஆயினும் ‘இன்னார் மகன்’, ‘இன்னார் மகள்’ என்று எழுதும் வழக்கத்தால் ஒவ்வொரு பதிவும் இரண்டு தலைமுறைகளைத் தாங்கி நிற்கிறது. ஒரு பதிவின் தந்தைபெயர் அடுத்த பதிவின் தன்பெயராகும்; சங்கிலி இப்படித்தான் கோக்கப்படுகிறது.

பேரன் என்பது பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. இவ்வழக்கம் நிலவிய குடும்பங்களில் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மீண்டும் வரும். 1910இல் ஒரு கருப்பையாவும் 1960இல் ஒரு கருப்பையாவும் காணப்பட்டால் இருவரையும் ஒருவராக மயங்குதல் கூடாது. மாறாக, 1960இன் கருப்பையா தம் பாட்டனார் பெயரை நமக்கு அறிவிப்பவராகவும் இருக்கலாம் என்று கருதி, அத்திசையிலும் தேட வேண்டும்.

ஆண்டும் ஊரும்

பழைய பதிவுகளில் வயது முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று ஐந்திலும் பத்திலும் முடிவது மிகுதி. அவை மதிப்பீடுகளே. முதியோர் வாய்மொழியில் வரும் தமிழாண்டுப் பெயர் இவற்றினும் துல்லியமாக இருப்பதுண்டு. ‘தாது வருசப் பஞ்சத்தில் ஊரை விட்டவர்கள்’ என்று ஒரு குடும்பம் சொல்லுமானால், அது 1876இல் தொடங்கிய பெரும்பஞ்சம். சென்னை மாகாணத்தின் 1881ஆம் ஆண்டு மக்கள்தொகை 1871இன் தொகையைவிடக் குறைந்திருந்தது. சேலம் மாவட்டத்தில் அவ்வீழ்ச்சி பெரிது. வீட்டுக் கதையும் அரசாங்க அட்டவணையும் இங்கே ஒன்றையொன்று தாங்குகின்றன. அறுபதாண்டுச் சுழற்சியில் தாது 1936இலும் வரும் என்பதை மட்டும் மறத்தலாகாது.

ஊரைக் கண்டறியக் குலதெய்வத்தின் பெயரும் இடமும் நல்ல தடயம். ஊர் தெரிந்தபின் தமிழ்நாட்டின் நிலப்பதிவேடுகளை நாடலாம். நிலமுடையார் பெயரே அவற்றில் மிகுதி. கடல்கடந்து கூலிக்கு வந்தோரில் பெரும்பகுதியினர் நிலமற்றவர். அவர்களுக்குத் தாயகத்து ஏட்டைவிடத் தோட்டத்து ஏடே முதற் சான்று.

ஏட்டில் ஏறாதவர்கள்

1931இல் சிங்கப்பூர் உள்ளிட்ட மலாயாவின் மக்கள்தொகை ஏறக்குறைய 43 இலட்சம்; 1947இல் 58 இலட்சம். இதே காலத்தில் இந்தியர் தொகை ஏறக்குறைய 620,000இலிருந்து 600,000ஆகக் குறைந்தது. 1941இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு போரினால் நடைபெறவில்லை. பொருளாதார மந்தத்தில் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டோர் பலர். உதவிப் பயணத்தில் தொழிலாளர் வருவது 1938இல் நின்றது. மற்றொரு காரணம் சயாம் மரண இரயில்பாதை.

அப்பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அதனை அமைக்கத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் வாந்திபேதியாலும் பட்டினியாலும் மடிந்தனர். நேசநாட்டுப் படைவீரர்க்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம் தொழிலாளர்க்கு அவ்வாறு பெயர் பொறித்த வரிசை இல்லை. 1931க்கும் 1947க்கும் இடைப்பட்ட அந்தக் குறைவே அவர்களைப் பற்றிக் கணக்கெடுப்பு சொல்வது. ‘சயாமுக்குப் போனார், திரும்பவில்லை’ என்று ஒரு பாட்டி சொல்லும் ஒற்றை வாக்கியமே பல குடும்பங்களில் எஞ்சிய முழுப்பதிவு. அதைக் கேட்டவர்களும் இன்று முதியவர்களாகிவிட்டனர்.

ஆதலின் ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது இது. வரும் விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் வீட்டின் மூத்தவர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் அறிந்த முன்னோர் பெயர்களைச் சொல்லச் செய்து ஒலிப்பதிவு செய்யட்டும். பின்னர் அப்பெயர்களை அவர் ஒலித்தவாறே தமிழில் எழுதட்டும். லெச்சுமியை லட்சுமி என்று திருத்த வேண்டா. பக்கத்தில் தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், குலதெய்வம், தமிழாண்டு ஆகியவற்றைத் தெரிந்த அளவில் குறிக்கட்டும். சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் எவரேனும் உண்டா என்றும் தவறாமல் கேட்கட்டும். ஏடுகள் ஆவணக்காப்பகத்தில் நமக்காகக் காத்திருக்கும். சொல்லக்கூடிய பாட்டி நெடுநாள் காத்திரார்.